நேரத்துக்கு வெடிங்க சாமி!

தீபாவளிக்குப் பட்டாசே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. சிவகாசிக்காரர்களின் பிழைப்பு எனக்கும் தெரியும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னது. தமிழக அரசும் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நாய் வளர்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்து மணிக்கே வெளியே கூட்டிப்போய் வந்து, சோறு வைத்து, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக ஓடவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிடலாம்.

எங்கே தள்ளுவது? எங்கள் தெருவில் விடியற்காலை மூன்றரைக்கே முதல் சரம். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் எவரோ ஒற்றை அணுகுண்டு. எல்லாம் ஓய்ந்தது என்று ராத்திரி பதினொன்றுக்கு என் நாய் மணியைப் படியிறக்கினால், மூணாவது வீட்டு வாசலில் மிச்சமிருக்கும் பத்தாயிரம் வாலாவை விரித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுவான். அவன் வீட்டுக்குள் ஓடினால் என் அதிர்ஷ்டம். தெருப்பக்கம் ஓடிய நாய்களின் போட்டோதான் மறுநாள் வாட்ஸ்அப் முழுக்க.

குளியலறையில் வாளிக்கும் சுவருக்கும் நடுவே செருகிக்கொண்டால் காலைவரை வரமாட்டான். எச்சில் வழிந்து நெஞ்சு நனைந்திருக்கும், பின்னங்கால் வெடவெடக்கும். ஈரலை மூக்கருகே நீட்டினாலும் முகர்ந்து பார்ப்பதில்லை. மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டே கிடப்பான். நாயின் காதுக்கு எட்டுகிற ஒலியில் பாதிகூட நமக்கு எட்டாது. நமக்கே காது அடைக்கிறதென்றால் அவனுக்கு?

யோசனைக்குப் பஞ்சமில்லை. "தூக்க மாத்திரை பாதி போடுங்க சார், கம்முனு கிடக்கும்." மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். சில மயக்க மருந்துகளில் உடம்புதான் அடங்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்கிறார் எங்கள் கால்நடை மருத்துவர். பாசக்காரர்கள் இன்னொரு ரகம். "பாவம், அதுக்கும் தீபாவளிதானே" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து லட்டை நீட்டுவார்கள். அதிலிருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கே உலை வைக்கும். சொன்னால் நான்தான் கஞ்சன்.

தெருநாய் வாலில் சரம் கட்டுகிற வீரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். நாலு பேருக்கு டீ வாங்கினால் அதைவிடக் கூட ஆகும்.

பொறுக்காமல் ஒருநாள் மூணாவது வீட்டுக்காரரிடம் கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றிச் சொன்னேன். சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். பறவைகள் மிரளுமே என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு அங்கே வெடியே வெடிப்பதில்லை. ஊரே விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் எட்டு மணியோடு நிறுத்தக் கூடாதா என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுங்க வெளிநாட்டுலேர்ந்து வர்ற பறவைங்க சார். உங்க மணி லோக்கல்தானே?"