கரடிக்கு வெல்லம், நமக்கு போட்டோ

போன வாரம் ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிட்டு இருந்தப்ப, பக்கத்து சீட்டு நண்பன் மொபைல்ல ஒரு படத்தைக் காட்டினான். பெரிய பாறை, அது மேல நாலு கரடி. "மச்சி, ஹம்பி போயிட்டு அப்படியே தரோஜி. கரடி கேரண்டிடா! அலாஸ்காவுல கரடி சால்மன் புடிக்கிற வீடியோவை வாயைப் பொளந்துக்கிட்டு பாப்பியே, இது நம்மூரு அலாஸ்கா. வர்றியா?"

வரலைன்னுட்டேன். "ரொம்ப சீன் போடாதே"ன்னு திட்டிட்டுப் போயிட்டான். அவன்கிட்ட சொல்லாம விட்டதை இங்க கொட்டுறேன். டூர் போயிட்டு வந்து படம் காட்டுற பதிவர் மக்களும் கொஞ்சம் காது குடுங்க.

எனக்கு எரிச்சலைக் கிளப்பினது அந்த 'கேரண்டி'தான். காட்டு மிருகத்துக்கு யாருங்க கேரண்டி குடுக்க முடியும்? கர்நாடகாவுல 1994-ல அறிவிச்ச தரோஜி சரணாலயத்துல, பார்வைக் கோபுரத்துக்கு எதிர்ல இருக்குற பாறையில வெல்லப்பாகைப் பூசி வெச்சுக் கரடியை வரவழைக்கிறது பல வருஷமா நடந்த விஷயம். ரகசியமெல்லாம் இல்லை, ஊரறிஞ்சது. பொட்டி தட்டுற நம்ம பாஷையில சொன்னா, கரடிக்கு ஷெட்யூல் போட்டு ஓட விட்டாச்சு. இதுக்குப் பேரு காட்டுயிர் பார்வையாம். கரடி விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

சரி, நிஜ அலாஸ்காவுல என்ன கதை? மக்நீல் ஆறுன்னு ஒரு சரணாலயம், 1967-லேர்ந்து இருக்கு. சால்மன் முட்டை போட எதிர்நீச்சல் அடிச்சு ஏறி வர்ற சீசன்ல, அருவிகிட்ட பழுப்புக் கரடிங்க டஜன் கணக்குல கூடும். பாக்க ஆசைப்பட்டா விண்ணப்பம் போடணும், குலுக்கல்ல பேர் விழணும். அருவிகிட்ட ஒரு நாளைக்குப் பத்தே பேர், கூடவே ஊழியருங்க. ஒரு துண்டு ரொட்டிகூட கரடிக்குக் கிடைக்கக் கூடாது. 1973-ல இந்த அனுமதி முறை வந்ததுலேர்ந்து அங்க வந்தவங்கள்ல ஒருத்தரையும் கரடி காயப்படுத்தினது இல்லை. காரணம் சிம்பிள். கரடி வர்றது மீனுக்கு. மனுஷன் அங்க நிக்கிற ஒரு மரம் மாதிரி. மனுஷனுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அதுக்குத் தெரியும்.

நம்மூரு கரடி மீன் புடிக்கிற சாதி இல்லை. மேல் வரிசையில நடு முன்பல் ரெண்டும் கிடையாது, அந்த இடைவெளி வழியா கரையானை உறிஞ்சித் தள்ளும். அப்புறம் இலந்தை, நாவல், அத்தி, கொன்றைக்காய், தேன். பார்வை மந்தம், மூக்கு படு கூர்மை. கிட்டத்துல திடீர்னு மனுஷனைப் பாத்தா மிரண்டு போயி முகத்துலயே பாயும். இதுக்குப் போயி 'மனுஷ வாடை இருந்தா இனிப்பு இருக்கும்'னு பாடம் நடத்தலாமா? கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் கதவை உடைச்சு விளக்குல இருக்குற எண்ணெயைக் கரடி குடிச்சுட்டுப் போச்சுன்னு எத்தனை தடவை பேப்பர்ல படிச்சிருப்போம்? அதுக்கு யாரும் கூப்பிட்டுக் குடுக்கலை. தானாக் கத்துக்கிட்டதுக்கே இந்தப் பாடு.

"சரணாலயம் இல்லேன்னா அந்த மலையையே வெட்டி வித்திருப்பாங்கடா"ன்னு ஒருத்தர் கேக்கலாம். நியாயம். பல்லாரி பக்கம் சுரங்கம் என்ன பண்ணுச்சுன்னு உலகத்துக்கே தெரியும். சரணாலயம் வேணும், ஆளுங்க வந்து பாக்கவும் வேணும். ஆனா அதுக்கு இலந்தையும் நாவலும் வளரட்டும், புத்து இருக்கட்டும். வெல்லம் எதுக்கு? அது கரடிக்கு இல்லீங்க, அஞ்சு மணிக்கு கேமராவோட உக்காந்திருக்குற நமக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப களமருதூருக்குக் கரடிக்காரர் வருவாரு. கரடி மூக்குல ஓட்டை, அதுல கயிறு. பயம் தெளியணும்னு எங்க ஆயா என்னைத் தூக்கி அது மேல உக்கார வெச்சாங்க, கரடி முடி தாயத்தும் கட்டுனாங்க. அது ஆடுச்சு, நானும் கை தட்டினேன். 1972-லயே சட்டம் வந்தும், கடைசி ஆட்டக் கரடியை மீட்டாச்சுன்னு அறிவிக்க 2009 ஆச்சு. கயிறு போச்சு, வெல்லம் வந்துச்சு. கரடிக்காரருக்காவது அது வயித்துப்பாடு. நமக்கு? நாலு லைக்கு.

நாளைக்கு எங்க கல்வராயன் மலைக்கும் ஒரு ரிசார்ட்காரர் இந்த ஐடியாவோட வர மாட்டாருன்னு என்ன நிச்சயம்? நாம படம் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறிடுவோம். மறுநாள் தேனெடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் காட்டுக்குள்ள போறது அந்த மலை ஜனங்கதான். வெல்லம் பழகின மூக்கு அவங்க தூக்குச்சட்டியைத்தான் தேடி வரும்.

அதனால மக்களே, அடுத்த டூருக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கரடி எதுக்கு அங்க வருது?" 'கேரண்டி'ன்னு பதில் வந்தா காசைத் திருப்பி வாங்குங்க. காட்டுக்குப் போங்க, ஒண்ணும் பாக்காமயே திரும்பி வாங்க, அதையும் பதிவாப் போடுங்க. முதல் பின்னூட்டம் என்னோடது.

டிஸ்கி: "நீ கரடியை நேர்ல பாத்திருக்கியாடா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: பாத்திருக்கேன். மேல உக்காந்தே பாத்திருக்கேன். அதனாலதான் சொல்றேன்.