ஊர் முடிவு எடுக்க முடியாதவை

'ஊர் கூடி எடுத்த முடிவு. நாங்கள் என்ன செய்வது?' கோயில் திருவிழாவோ, பொதுப்பாதையோ, டீக்கடை பெஞ்சோ, தாலுகா அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைகளில் நாம் தவறாமல் கேட்கும் வாசகம் இது. ஊர் என்ற சொல்லில் சேரிக்கு இடமில்லை என்பது வேறு கதை. இடம் கொடுத்துக் கை தூக்கச் சொன்னாலும் எண்ணிக்கையில் தோற்கப் போவது நாம்தான்.

மகத் நகரில் நடந்தது இதுதான். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. அதையொட்டி மகத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது, தாளில் மட்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சென்று நீர் அருந்தினார்கள். அன்றே தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரும்பான்மை கொடுத்ததைப் பெரும்பான்மையே பறித்தது.

வழக்கு இழுத்து இழுத்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. எப்படி என்பதைக் கவனியுங்கள். நம்மவர்களை விலக்கி வைப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்பதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபித்திருந்தால்? மனிதர் என்பதற்காகக் கிடைத்த தீர்ப்பல்ல அது, எதிராளியின் சாட்சியம் போதாமல் கிடைத்தது.

இதையெல்லாம் பட்டறிந்தவர்தான் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் மகிழ்ச்சி என்று 1948 நவம்பர் 4 அன்று அவையில் சொன்னார். உறுப்பினர் பலருக்கு அது கசந்தது. பிரிவு 13, பழக்கவழக்கமே ஆனாலும் அடிப்படை உரிமைக்கு முரணானால் செல்லாது என்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பிரிவு 15 பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. அது அரசை மட்டுமல்ல, டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் இரட்டைக் குவளையையும் கட்டப் பஞ்சாயத்தையும் 2011இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

தனிமனித உரிமை என்றால் மேல்தட்டுச் சமாசாரம் என்று நம் தோழர்களிலும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஊர்க் கட்டுப்பாட்டில் அடிபட்டவருக்கு அப்படித் தோன்றாது. நம் தெருக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்; விரும்பியவனைக் கட்டிக்கொண்ட பெண்ணை நாமும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த பேச்சுவார்த்தையில், 'இந்த வருடம் விட்டுக் கொடுங்கள்' என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டுவார்கள். எந்தச் சட்டப் பிரிவின்கீழ் நம்மை நிறுத்தி வைக்கிறார்கள் என்று அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வட்டாட்சியரால் எழுத முடியாது.