தொட்டிக்குள் ஒரு பேய்க்கணவாய்



"சேர், ஒக்டோபஸ் ஒண்டு உயிரோட வலையில வந்தா தாறன் எண்டு மாமா சொன்னார். வீட்டில மீன் தொட்டி இருக்கு. நிறம் மாறுறதப் பாக்கலாம். வளக்கலாமா?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். பதில் சொல்ல முன் மணி அடித்துவிட்டது. பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நிறம். நாம் பேய்க்கணவாய் என்று சொல்லும் இந்தப் பிராணியின் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நிறப்பைகள் உள்ளன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் தசைகள். நரம்பு கட்டளையிட்டால் தசை இழுக்கும், பை விரிந்து நிறம் தெரியும். தசை தளர்ந்தால் பை சுருங்கும், நிறம் மறையும். எல்லாம் ஒரு நொடிக்குள் நடக்கும். தோலையே மேடு பள்ளமாக்கிக் கல்லைப் போலவும் கிடக்கும். இத்தனைக்கும் அதன் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரேயொரு வகைதான். சுப்ஹானல்லாஹ்!

ஆனால் இந்த மாற்றம் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளவும் எதிரியை மிரட்டவும்தான். தொட்டிக் கண்ணாடியைப் பிள்ளைகள் தட்டுவார்கள், அது பயந்து வெளுக்கும், நாம் கைதட்டுவோம். அதன் பயம் நமக்கு வேடிக்கையாகிவிடும்.

சாதாரண ஒக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்புக் கலங்கள் உண்டு. 2016இல் நியூசிலாந்தின் தேசிய மீன் காட்சியகத்தில் இருந்த 'இன்கி' என்ற ஒக்டோபஸ், தொட்டியின் மூடியில் இருந்த இடைவெளியால் வெளியேறி, வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. பெரிய நிலையத்தாலேயே அடைத்து வைக்க முடியவில்லை. நம் வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்? கிணற்றுத் தண்ணீர் அதற்குச் சரிவராது. மீன் நோய்க்கு ஊற்றும் செப்பு கலந்த மருந்து அதற்கு நஞ்சு. மையைக் கக்கினால் சிறிய தொட்டியில் அதற்கே ஆபத்து. அதன் ஆயுளே பெரும்பாலும் ஓரிரு வருடம்தான். நீல வளைய இனம் என்றால் ஆபத்து நமக்கு: சிறிதாக இருந்தாலும் கடித்தால் ஆளையே கொல்லும், முறிமருந்து இல்லை.

"கறியாக்கிச் சாப்பிடுகிறோம்தானே, வளர்த்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். உணவுக்குப் பிடிப்பது தேவை. வேடிக்கைக்காக அடைத்து வைத்து நாள்கணக்கில் வாட்டுவது எந்தத் தேவை?

வளர்ப்பு ஹராம் என்று நான் ஃபத்வா சொல்ல வரவில்லை, அது உலமாக்களின் வேலை. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைப் பற்றி அவரிடம் அன்பாக விசாரித்தார்கள். அதேவேளை, பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும் சொல்லித் தந்தார்கள். வளர்ப்பதென்றால் அந்த உயிரின் தேவையை நிறைவேற்ற நம்மால் முடிய வேண்டும். ஒக்டோபஸ் விஷயத்தில் நம்மால் முடியாது.

ஆகவே மகன், மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கறிக்கென்றால் கொண்டு வரட்டும். வேடிக்கைக்கென்றால் கடலிலேயே விட்டுவிடட்டும்.