வீடற்றோருக்கு எதற்கு இந்த வேலைப்பாடு?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஐந்தாவது அவென்யூவை ஒட்டிய 28-வது தெருவில் பிரின்ஸ் ஜார்ஜ் ஹோட்டல் நிற்கிறது. 1904-ல் ஹோவர்ட் கிரீன்லி வடிவமைத்தது. இன்று அங்கே அறை கேட்டு யாரும் பெட்டியோடு வந்து இறங்குவதில்லை. 416 சிறு வீடுகளில், குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர்களும், ஒரு காலத்தில் தெருவிலும் காப்பகங்களிலும் படுத்துக் கிடந்தவர்களும் வாடகை ஒப்பந்தத்தோடு குடியிருக்கிறார்கள். மனநல உதவி, வேலைவாய்ப்பு உதவி தரும் பணியாளர்களுக்கும் அதே கட்டடத்தில் அலுவலகம் உண்டு. இதைத்தான் ‘ஆதரவுக் குடியிருப்பு’ என்கிறார்கள்.

இந்த மாதிரிக் கட்டடங்களைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: சுதை வேலைப்பாட்டையும் தூண்களையும் அகன்ற முகப்புக் கூடத்தையும் பழுதுபார்க்கும் பணத்தில் இன்னும் நான்கு பேருக்கு வீடு கொடுத்திருக்கலாமே? நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. பழைய ஹோட்டலிலிருந்து கிடைக்கும் பெரிய சொத்து அதன் அறைகள் அல்ல. எல்லோருக்கும் பொதுவான அதன் இடங்கள்தான்.

ஒரே சுவர், இரண்டு விதி

கட்டடம் மட்டுமே யாரையும் கரையேற்றிவிடாது என்பதற்கும் பிரின்ஸ் ஜார்ஜே சாட்சி. 1955-க்குப் பிறகு ஒற்றை அறைக் குடியிருப்புகளைப் புதிதாகக் கட்ட நியூயார்க் நகரம் அனுமதிக்கவில்லை. இருந்தவற்றையும் வசதியான அடுக்ககங்களாக மாற்ற வரிச்சலுகை கொடுத்தது. மாநில மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பிய அதே காலத்தில், அவர்கள் ஒண்டக்கூடிய மலிவான அறைகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. 1980-களில் வீடற்ற குடும்பங்கள் பெருகியபோது, நகர நிர்வாகம் அவர்களைப் பழைய ஹோட்டல்களில் கொண்டுபோய் அடைத்தது. பிரின்ஸ் ஜார்ஜில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஓரிரு இரவு தங்கிப் போக அமைத்த அறையில் ஒரு குடும்பமே மாதக்கணக்கில் கிடந்தது. சமைக்க இடமில்லை. ஆனாலும், ஹோட்டல் உரிமையாளருக்கு அரசு கொடுத்த தொகை நல்லதொரு வீட்டின் வாடகையைவிட அதிகம்.

சில தெருக்கள் தள்ளியிருந்த மார்ட்டினிக் ஹோட்டலிலும் இதே நிலைதான். அங்கே வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி ஜோனதன் கோசோல் எழுதிய நூல் 1988-ல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. மார்ட்டினிக்கை வடிவமைத்தவர் புகழ்பெற்ற பிளாசா ஹோட்டலைத் தந்த ஹென்றி ஹார்டன்பர்க். அலங்காரத்துக்கு அங்கே குறைவே இல்லை. மனிதர்கள் வாழ வழிதான் இல்லை.

காலியாகிக் கிடந்த பிரின்ஸ் ஜார்ஜை 1996-ல் வாங்கியது ‘காமன் கிரவுண்ட்’ என்னும் லாப நோக்கற்ற அமைப்பு. ரோசேன் ஹேகர்ட்டி தொடங்கிய இந்த அமைப்பின் இன்றைய பெயர் ‘பிரேக்கிங் கிரவுண்ட்’. டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே இருந்த 1920-களின் ஹோட்டல் ஒன்றை 652 வீடுகளாக மாற்றிய அனுபவம் அதற்கு ஏற்கெனவே இருந்தது. 1999-ல் பிரின்ஸ் ஜார்ஜ் மீண்டும் திறந்தபோது சுவர்கள் அதே சுவர்கள்தான். ஆனால், அங்கே குடும்பங்களை அடைக்கவில்லை. தனி ஆட்களுக்கு மட்டுமே வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் குளியலறை, சிறு சமையல் மேடை, கையெழுத்திட்ட ஒப்பந்தம். பொதுக் கூடங்கள் மறுபடி புழக்கத்துக்கு வந்தன.

வரைபடம் செய்யும் வேலை

குளிர்சாதனம் வராத காலத்து ஹோட்டலில் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும். அதனால்தான் அன்றைய கட்டடங்களை நடுவே வெளிச்ச முற்றங்கள் விட்டு மடித்து மடித்துக் கட்டினார்கள். குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் குழாய்கள் நேராக மேலேறும். அதே வரிசையில் சமையல் தொட்டிக்கும் இணைப்பு எடுத்துவிடலாம். இன்று பல நகரங்களில் காலியாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடங்களில் இது நடக்காது. அவற்றின் தளங்கள் அகன்றவை. நடுப்பகுதிக்கு வெளிச்சமே வராது. அவற்றை வீடாக்கச் செலவு எகிறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதைவிட முக்கியமானது வரவேற்பு மேசை. ஹோட்டலுக்கு ஒரே தலைவாசல். அதற்கு எதிரே இரவும் பகலும் ஆள் இருக்கும் மேசை. சாவி கொடுப்பதற்காக வந்த இந்த ஏற்பாடு இப்போது வேறு வேலை செய்கிறது. மூன்றாவது மாடியில் மனச்சோர்வோடு வாழும் ஒருவர் இரண்டு நாளாகக் கீழே வரவில்லை என்பது முதலில் இந்த மேசைக்குத்தான் தெரியும். போதைப்பொருள் விற்கும் பழைய சகவாசம் வாசலோடு திரும்பிப் போவதும் இதனால்தான். பல வாசல்கள் கொண்ட சாதாரண அடுக்ககத்தில், ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் வாரக்கணக்கில் கேட்க நாதியில்லை.

முகப்புக் கூடத்தின் பயனும் இதுபோலத்தான். நீண்ட காலம் தெருவில் இருந்தவருக்கு ஓர் அறையில் தனியாக இருப்பது பெரிய சோதனை. கூட்டத்தில் கலந்துகொள்ளச் சொன்னால் வர மாட்டார். ஆனால், கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்ப்பார். அங்கேயே ஒரு நாள் சமூகப் பணியாளரிடம் பேச்சுக் கொடுப்பார்.

2020-ல் கலிஃபோர்னியா அரசு பெருந்தொற்றை ஒட்டி, ஹோட்டல்களையும் மோட்டல்களையும் வாங்கி வீடாக்கும் ‘ஹோம்கீ’ திட்டத்தைத் தொடங்கி, முதல் சுற்றிலேயே சுமார் 6,000 வீடுகளுக்கு வழிசெய்தது. வேகத்தில் அது பெரிய சாதனை. ஆனால், வாங்கியவற்றில் பல, நெடுஞ்சாலையோர மோட்டல்கள். அங்கே அறைக் கதவு நேராக வாகன நிறுத்தத்தில் திறக்கும். கூடிப் பழகப் பொது இடம் மிகக் குறைவு. கூரை கிடைத்துவிடுகிறது, ஆதரவுக்கான இடத்தைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

யார் வீட்டுப் பணம்?

அலங்காரத்துக்குப் போகும் பணம் ஏழைகளின் வீட்டுப் பணம் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடங்களின் சீரமைப்புச் செலவில் 20 சதவீதத்துக்கு மத்திய வரிச்சலுகை உண்டு. முகப்புக் கூடம் போன்ற முக்கிய இடங்களின் தன்மையைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. குறைந்த வருமான வீடுகளுக்கென 1986-ல் வந்த வரிச்சலுகை இதற்கு மேல் தனி. கூடத்தை இடித்துவிட்டால் முதல் சலுகை கையைவிட்டுப் போகும். மிச்சமாகும் என்று நினைத்த பணம் வரவே வராது. பிரின்ஸ் ஜார்ஜின் நடனக் கூடம் இப்போது திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்குப் போகிறது. அந்த வருமானம் வீடுகளை நடத்தும் அமைப்புக்கே சேர்கிறது.

பொதுக் கருவூலத்தின் கணக்கும் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஆதரவுக் குடியிருப்பு பெற்ற, கடும் மனநோய் உள்ள 4,679 பேரின் பதிவுகளைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கல்ஹேன் குழு ஆராய்ந்தது. முடிவுகள் 2002-ல் வெளியாயின. வீடு கிடைக்கும் முன் காப்பகம், மருத்துவமனை, சிறை என ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர் செலவானது. வீடு கிடைத்த பின் அதில் சுமார் 16,000 டாலர் குறைந்தது. வீட்டுக்கான செலவில் பெரும்பகுதியை இந்த மிச்சமே ஈடுகட்டியது.

இதற்காக எல்லாப் பழைய ஹோட்டலையும் வீடாக்கிவிட முடியாது. அறைகள் தனி ஆளுக்குத்தான் போதும். குடும்பங்களுக்கு வேறு வழி வேண்டும். சந்தை நிலவரமும் எதிராக நிற்கும்: மார்ட்டினிக் மறுபடி சுற்றுலா ஹோட்டலாகிவிட்டது. 2021-ல் நியூயார்க் மாநிலம், நொடித்த ஹோட்டல்களை வாங்கி வீடாக்கச் சட்டம் கொண்டுவந்தும், கட்டட விதிகள் முட்டுக்கட்டை போட, அடுத்த ஆண்டே திருத்த வேண்டியதாயிற்று.

திருத்த வேண்டியது விதிகளை மட்டுமல்ல, அளவுகோலையும்தான். வீட்டுவசதித் திட்டங்கள் எத்தனை கதவு என்றே எண்ணுகின்றன. ஒரு கதவுக்கு எவ்வளவு செலவு என்று பார்த்து நிதி ஒதுக்குகின்றன. அந்தக் கணக்கில் முகப்புக் கூடம் வீண், இரவு மேசைக்காரரின் சம்பளம் சுமை. கட்டும்போது ஒருமுறை கிடைக்கும் மானியத்தோடு, மேசைக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுதோறும் உறுதியான ஒதுக்கீடு வேண்டும். பொதுக் கூடங்களின் பரப்பைத் திட்ட மதிப்பீட்டில் தகுதியாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் கதவுகளை மட்டும் பெருக்கினால், 1980-களின் பிரின்ஸ் ஜார்ஜைத்தான் புதிய சாயம் பூசித் திறந்துகொண்டிருப்போம்.