பந்துக்கு மட்டும் தீட்டில்லை

2023 ஜூலை 12, திருநெல்வேலி. டி.என்.பி.எல். இறுதிப் போட்டி. முதலில் ஆடிய கோவை கிங்ஸ் 205 ரன் எடுத்தது. நெல்லை ராயல் கிங்ஸ் 101 ரன்னுக்குச் சுருண்டது. சுழற்பந்து வீசிய ஜதவேத் சுப்பிரமணியன் 4 விக்கெட் சாய்த்தார். எங்கள் ஊர் டீக்கடை டிவி முன்னால் ஊரும் காலனியும் சேர்ந்துதான் கைதட்டின. எல்லோருக்கும் அது 'நம்ம டீம்'.

சில வாரம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு போஸ்டர். டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி, கோப்பை, ரொக்கப் பரிசு. கடைசி வரி: 'நம் சமுதாயச் சொந்தங்கள் மட்டும்'. இடம், அரசுப் பள்ளி மைதானம். அதில் முள் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டது எங்கள் காலனிப் பையன்கள். கூலி கொடுத்தார்கள், ஆட விடவில்லை.

பல்வங்கர் பாலு கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1876இல் தார்வாட்டில் பிறந்த, சமார் சாதியில் வந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ரோலர் இழுத்து, வலை கட்டி, மாதம் 4 ரூபாய் வாங்கினார். துரைமார்களுக்கு வலையில் பந்து வீசி வீசியே தேர்ந்தார். மட்டையை அவரிடம் கொடுக்கவில்லை. வெள்ளையர் அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்றதும் பூனா இந்து கிளப்புக்கு அவர் தேவைப்பட்டார். அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும். தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர் வரும். இரட்டைக் குவளையும் கொட்டாங்குச்சியும் பார்த்த கொங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன்னில் வென்றது. அந்த வெற்றிக்கு வழி செய்தது பாலுவின் பந்துவீச்சு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு அது கிடைக்க 1923 ஆனது. (1937 தேர்தலில் காங்கிரஸ் இவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது, தோற்றார். நமக்குக் கசப்பான செய்திதான், மறைக்க வேண்டியதில்லை.)

"எங்க காசு, எங்க போட்டி, உங்களுக்கென்னங்க?" என்று கேட்கிறார்கள். சொந்தத் தோட்டத்தில் ஆடினாலும் அது சாதிதான். அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். பள்ளி மைதானம் யார் வீட்டுச் சொத்து? அரசுப் பணத்தில் பராமரிக்கும் பொது இடத்தைப் பயன்படுத்தச் சாதியைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. சாவியைக் கொடுப்பவர்களுக்கு இது தெரியாதா?

தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். போஸ்டரில் அந்த வரி இருந்தால் மைதானம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுநாள். பையன்கள் ஜெர்சியோடு வருகிறார்கள்.