வழங்காத சேவைக்கு வாங்கும் கட்டணம்
பில் சுழற்சியின், அதாவது ஒரு பில் தேதிக்கும் அடுத்த பில் தேதிக்கும் இடைப்பட்ட காலத்தின், நடுவில் இணைய இணைப்பைத் துண்டிக்கும் வாடிக்கையாளரிடம் முழு மாத வாடகையையும் வசூலிப்பது நியாயத்துக்குப் புறம்பானது. மாத வாடகை 600 ரூபாய் எனக் கொண்டால், 10ஆம் நாளில் விலகுபவர், மீதமுள்ள 20 நாள்களுக்கு உரிய 400 ரூபாயையும் அதன் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டியான 72 ரூபாயையும் பெறாத சேவைக்காகச் செலுத்துகிறார். பயன்படுத்திய நாள்களுக்கு மட்டும் கணக்கிடும் விகிதாசார முறை எந்த பில்லிங் மென்பொருளுக்கும் கடினமானதன்று. சலுகையில் மோடமும் இலவச நிறுவலும் தந்த நிறுவனம் அச்செலவை மீட்க முனைவதில் தவறில்லை. ஆனால் அத்தொகை மாதந்தோறும் குறைந்து வர வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்ச வரம்பாக மட்டுமே கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே சென்று, ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் உடன்படிக்கையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என வரையறுத்து, மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழிவகுக்கிறது. எனினும் சில நூறு ரூபாய்க்காக எவரும் ஆணையத்தின் படியேறுவதில்லை என்பதே இவ்வசூல் நீடிப்பதற்கு வலுவான காரணம். ஆகவே, துண்டிப்புக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, மோடத்தை ஒப்படைத்ததற்கான ரசீதைப் பெற்றுக்கொள்வதும், கூடுதல் தொகை கேட்கப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதும் அவசியம்.