நல்ல பல்லைப் பிடுங்காதீர்கள்

ஜோர்ஜ்டவுன் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 58. தே தாரேக் ஒரு மிடறு குடித்தால், முகம் கழுவினால், விசிறிக் காற்று பட்டால்கூட வலது கன்னத்தில் கரண்ட் அடித்தது போல் வலி. சில விநாடிகள்தான். ஆனால், அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிட்டாராம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் வலி நிற்கவில்லை. மூன்றாவதையும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா, பொறுங்கள். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாதுதான். ஆனாலும், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முக நரம்பு வலியாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

மூளை நரம்புகள் 12 ஜோடி. அவற்றில் ஐந்தாவது, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள மூன்று துளைகள் வழியே நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் பிரிந்து போகிறது. பற்களுக்கு உணர்ச்சி கொடுப்பதும் இதுவே. அதனால்தான் வேரில் கோளாறு இருந்தாலும் பல் வலிப்பதாகத் தோன்றுகிறது.

வேரில் என்ன கோளாறு? மண்டையின் அடிப்பகுதி நம்மூர் ஐந்தடி நடைபாதை மாதிரி. நரம்பும் ரத்தக் குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வயதாக ஆகத் தமனிகள் நீண்டு வளைகின்றன. சிறுமூளைக்குப் போகும் தமனி ஒன்று ஐந்தாம் நரம்பின் வேரில் சாய்ந்துவிட்டால், ஒவ்வொரு நாடித் துடிப்பும் அதை இடிக்கும். நரம்பின் மேலுறை தேயும். பிறகு, தொட்டாலே வலிதான். இதை வால்டர் டேண்டி 1934-லேயே எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் பீட்டர் ஜெனட்டா மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, தமனியை விலக்கி இடையில் மெத்தை வைக்கும் அறுவையை நிலைநாட்டினார். 1996-இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில், பத்தாண்டு கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் வலியின்றி இருந்தார்கள். செவி நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கேட்கும் திறன் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் தருவது மாத்திரைதான்: கார்பமாஸெபின். நம் நாட்டில் இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஹெச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இது அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. மருந்தைத் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, வாய்ப்புண் வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அரசு கிளினிக்கில் காட்டி, பினாங்கு பொது மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். எந்தப் பக்கம், எதைத் தொட்டால், ஒரு நாளில் எத்தனை முறை என்று குறித்துக்கொண்டு போங்கள். முகம் மரத்துப்போனாலோ, இரு பக்கமும் வலித்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். கட்டியோ வேறு நோயோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.